ஊருக்குள் வீடா, ஊருக்கு வெளியே வீடா? சென்னையை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வீட்டுமனை விளம்பரங்களைப் புரட்டினால் போதும், சென்னை எந்தத் திசையில் வளர்கிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்லிவிடலாம். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், திருப்போரூர், திருமழிசை, பொன்னேரி என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். "சிஎம்டிஏ அப்ரூவ்டு", "உடனே வீடு கட்டிக் குடியேறலாம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். (சிஎம்டிஏ என்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்.) அதே பக்கத்தின் மூலையில் மாம்பலத்திலோ அடையாற்றிலோ ஒரு பழைய தனிவீட்டை இடித்துக் கட்டிய ஆறு வீட்டு அடுக்ககம் விற்பனைக்கு வந்திருக்கும். அதன் விலை பெரும்பாலும் கோடியில் இருக்கும்.

பெருகிக்கொண்டே போகும் ஒரு நகரத்தில் சாமானிய மக்களுக்கு எட்டும் விலையில் வீடு எங்கே கட்டுவது? இந்தக் கேள்விக்கு அந்த இரண்டு விளம்பரங்களும் இரண்டு பதில்களைச் சொல்கின்றன. ஏரியும் வயலும் தோப்புமாக இருக்கும் வெளிநிலத்தில் மனை போட்டு, சாலை போட்டு, வீடு கட்டிக்கொண்டே போவது ஒரு வழி. அதைப் புறநகர்ப் பரவல் என்கிறார்கள். ஏற்கெனவே சாலையும் குழாயும் பேருந்தும் ரயிலும் இருக்கிற ஊருக்குள்ளேயே காலி மனைகளிலும், பழைய வீடுகளை இடித்த இடத்திலும், பயன்படாமல் கிடக்கும் அரசு நிலத்திலும் கூடுதல் வீடுகளைக் கட்டுவது மற்ற வழி. அதற்கு உள்நிரப்பு என்று பெயர். வீட்டு விலை பற்றி உலகத்தின் பல நகரங்களில் நடக்கும் சண்டையில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

சென்னை இதுவரை பெரும்பாலும் முதல் வழியிலேயே போயிருக்கிறது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டர் ஆனது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரத் திட்டப் பகுதியை அரசு 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் பக்கம்கூட அதற்குள் வந்துவிட்டது. திட்டப் பகுதி விரிந்ததாலேயே அவ்வளவு நிலத்திலும் வீடு முளைத்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் நகரம் எவ்வளவு தூரம் போகும் என்று அரசே எதிர்பார்க்கிறது என்பது அந்த எண்ணில் தெரிகிறது.

வெளியே போவது எப்போதும் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்கு ஊரின் நடுவில் இருப்பதாக நாம் நினைக்கும் தியாகராய நகர், 1920-களில் நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய புறநகர். 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தபோது அண்ணா நகர் ஊருக்கு வெளியே இருந்தது. அந்தக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் பூங்காவுக்குள் இன்றும் நிற்கிறது. ஆனால் அண்ணா நகரில் தெரு, பூங்கா, பள்ளிக்கான இடம் எல்லாவற்றையும் முதலில் வரைந்துவிட்டு, அப்புறம்தான் மனைகளை ஒதுக்கினார்கள். பிற்காலப் பரவலில் இந்த வரிசை தலைகீழானது. மனை முதலில் விற்றது, சாலை பத்து வருடம் கழித்து வந்தது, பாதாளச் சாக்கடை பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

சரி, விலைக்கு வருவோம். இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும்.

மாம்பலம் போன்ற ஓரிடத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை இருக்கிறது. நிலத்தின் விலையைக் கணக்குக்காகச் சதுர அடி 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதை முடிவு செய்வது எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. அது 1 என்றால் மனை அளவுக்குக் கட்டலாம். 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 4,800 சதுர அடி. தமிழ்நாட்டில் சாதாரண அடுக்ககங்களுக்கு இது 1.5 ஆக இருந்தது. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. போதிய அகலமுள்ள சாலை என்றால் அரசுக்குப் பணம் கட்டி இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

குறியீடு 2 என்றால், வீட்டின் ஒவ்வொரு சதுர அடிக்கும் நிலத்தின் பங்கு 8,000 ரூபாய். கட்டுமானச் செலவு 3,000 என்றால் மொத்தம் 11,000. 800 சதுர அடி வீடு 88 லட்சம். கட்டுநரின் லாபமும் பதிவுச் செலவும் இதில் சேரவில்லை. குறியீடு 1.5 ஆக இருந்தால் இதே வீடு ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் ஆகும். 3 என்றால் 67 லட்சத்துக்குக் கிட்டே வரும். செங்கல், சிமெண்டு, கம்பி, கூலி எதுவும் மாறவில்லை. ஒரே நிலத்தின் விலையை எத்தனை வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது மட்டும்தான் மாறியது. உள்நிரப்பை ஆதரிப்பவர்களின் முழு வாதமும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கிவிடும்.

இப்போது வெளியே போகலாம். நிலம் சதுர அடி 2,000 ரூபாய். அதே குறியீடு 2, அதே கட்டுமானச் செலவு. சதுர அடி 4,000, வீடு 32 லட்சம். உள்ளே இருக்கும் வீட்டோடு வித்தியாசம் 56 லட்சம். பரவலை ஆதரிப்பவர்களின் வாதமும் இதே கணக்கில் இருக்கிறது. மாதம் நாற்பதாயிரம் சம்பாதிக்கும் குடும்பத்திடம் போய், "மாம்பலத்தில் வாங்கு, ரயில் பக்கம்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

வெளியே வாங்குபவர் வேறு செலவுகளையும் சுமக்கிறார் என்பது வழக்கமான பதில். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இரண்டு பேர் வேலைக்குப் போக இரண்டு வண்டி, பெட்ரோல், பள்ளி வேன், கோடையில் லாரித் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அதற்கொரு லாரி. உள்ளே இருந்திருந்தால் ஆகும் செலவைவிட இதெல்லாம் மாதம் 8,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு 8,000 ரூபாய் தவணை என்பது ஏறத்தாழ 9.2 லட்சம் ரூபாய் அசலுக்குச் சமம். அதாவது 32 லட்சம் வீடு உண்மையில் 41 லட்சம் வீடு. கணிசமான தொகைதான். ஆனாலும் 88 லட்சத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. "போக்குவரத்துச் செலவைச் சேர்த்தால் உள்ளே வாங்குவதே லாபம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெளியே வாங்குகிறவர் ஏமாளி இல்லை. தன் கையிலிருக்கும் பணத்துக்கு எட்டுகிற ஒரே கதவைத்தான் அவர் தட்டுகிறார்.

அவர் கட்டாத பகுதியை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால்தான் பரவலின் முழு விலை தெரியும். நூறு ஏக்கரில் பரவிக் கிடக்கும் ஆயிரம் வீடுகளுக்கு குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பேருந்து எல்லாம் கொண்டுபோக ஆகும் செலவு, பத்து ஏக்கரில் அடுக்கிய ஆயிரம் வீடுகளுக்கு ஆவதைவிட மிக அதிகம். அந்தச் செலவை மனை விற்றவர் கொடுப்பதில்லை. பத்து, இருபது வருடம் கழித்து மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் மக்கள் வரியிலிருந்து கொடுக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் வாங்காமல், "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பெயரில், எந்தப் பொது இடமும் விடாமல் விற்ற மனைகள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டபோதுதான் அதன் அளவு வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கட்டணம் கட்டினால் மனை சட்டப்படி சரியாகிவிடும், ஆனால் விடாமல்போன பூங்காவும் குறுகிப்போன தெருவும் அதோடு சரியாகிவிடாது.

இந்தச் செலவில் ஒரு பகுதியைத் தண்ணீரும் வசூலித்துக்கொள்கிறது. தென் சென்னையின் மழைநீரெல்லாம் வந்து சேரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சுமார் 1,250 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் அது இதைப்போல் பல மடங்கு பரந்திருந்தது. ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, ஒரு பக்கம் ஐடி வளாகங்கள், நடுவில் சாலைகள், சுற்றிலும் மனைகள். 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றியிருந்த பகுதிகளில் படகு விட வேண்டியிருந்தது. அங்கே வீடு மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம், அது தண்ணீரின் இடம் என்பது. விற்கும்போது அந்த விவரத்தை யாரும் சொல்வதில்லை.

பரவலின் மிகக் கடுமையான வடிவம் தனியார் விளம்பரங்களில் வராது. அதைச் செய்தது அரசு. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், தன் முதல் ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்று மாடி, நான்கு மாடி அடுக்ககங்களைக் கட்டியது. அதாவது உள்நிரப்பு என்ற பேச்சு இங்கே வருவதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தது. பிறகு கொள்கை மாறியது. ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். 2000-இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். அங்கே நிலம் மலிவு என்பதால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு கோப்பில் குறைவாகவே தெரிந்தது. ஆனால் மந்தைவெளியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த பெண்ணுக்கு, விடியற்காலையில் பேருந்து பிடித்து இரண்டு மணி நேரம் போனால்தான் அந்த வேலை என்றால், அந்த வேலை போய்விட்டது என்றுதான் பொருள். பிள்ளைகளின் பள்ளி பாதியில் நின்றது. சுவரும் கூரையும் கிடைத்தன, பிழைப்பு கைவிட்டுப் போனது. வீட்டின் விலையை மட்டும் பார்த்து அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியானால் உள்ளேயே கட்டிவிடலாமே? இங்கேதான் உள்நிரப்பின் ஆதரவாளர்கள் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்கள் வருகின்றன.

முதல் சிக்கல் நிலத்தின் சொந்தக்காரர். மேலே போட்ட கணக்கில் குறியீடு கூடினாலும் நிலத்தின் விலை 16,000-லேயே நின்றது. நிஜத்தில் அது நிற்காது. இனி இதே மனையில் இரண்டு மடங்கு கட்டலாம் என்று தெரிந்த மறுநாளே உரிமையாளர் விலையைக் கூட்டிவிடுவார். சென்னையில் பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை. ஜாயின்ட் வென்ச்சர் முறையில் கட்டிய பரப்பில் பாதியையோ அதற்கு மேலோ உரிமையாளர் எடுத்துக்கொள்வார். ஆறு வீட்டில் மூன்று அவருக்கு, மூன்று கட்டுநருக்கு. கட்டுநர் தன் செலவு மொத்தத்தையும் அந்த மூன்று வீடுகளை விற்றுத்தான் எடுக்க வேண்டும். ஆக, விதி தளர்ந்ததன் பலனில் பெரும்பங்கு நிலத்துக்குப் போய்விடுகிறது. அப்படியும் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம் இருக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, பரப்பு கூடுவது வேறு, வீடு கூடுவது வேறு. 1990-களில் கட்டிய ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிரவுண்டு மனை, குறியீடு 1.5, மொத்தம் 7,200 சதுர அடி, 600 சதுர அடியில் பன்னிரண்டு வீடுகள். இன்று இடித்துக் கட்டினால் குறியீடு 2, மொத்தம் 9,600 சதுர அடி. பழைய பன்னிரண்டு பேருக்கும் அதே 600 கொடுத்தாலும் 7,200 போய்விடும். மிச்சம் 2,400. அதில் கட்டுநர் தலா 1,200 சதுர அடியில், மூன்று படுக்கையறை கொண்ட இரண்டு வீடுகளைக் கட்டுவார், ஏனென்றால் அந்த ஏரியாவில் அதுதான் நல்ல விலைக்குப் போகும். இவ்வளவு இடிபாட்டுக்கும் தூசிக்கும் பிறகு பன்னிரண்டு வீடு பதினான்கு ஆகியிருக்கிறது. பழைய உரிமையாளர்கள் ஆளுக்கு நூறு, நூற்றைம்பது அடி கூடுதலாகக் கேட்டால் அதுவும் இல்லை. சென்னையின் பழைய தெருக்களில் நடக்கும் மறுகட்டுமானத்தில் கணிசமானது இந்த வகைதான் என்பது என் கணிப்பு. கட்டடம் புதுசாகிறது, வீடு பெரிதாகிறது, ஊருக்கு வீடு பெருகுவதில்லை.

மூன்றாவது, அக்கம்பக்கத்தார் சொல்லும் புகார்கள். சாக்கடைக் குழாய் நான்கு வீட்டுக்குப் போட்டது, இப்போது இருபது வீடு. தெரு இருபது அடி, கார் முப்பது. இதைச் சுயநலம் என்று ஒதுக்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553. தோட்டம் வைத்த தனிவீடுகள் பரவிக் கிடக்கும் அமெரிக்க நகரங்களில் "இன்னும் நெருக்கமாகக் கட்டுங்கள்" என்று சொல்வதும் இங்கே சொல்வதும் ஒன்றில்லை. இங்கே ஏற்கெனவே ஆட்கள் நெருக்கமாகத்தான் இருக்கிறார்கள். ஆளுக்குக் கிடைக்கும் இடம்தான் குறைவு. குழாயையும் வடிகாலையும் பெரிதாக்காமல் மாடியை மட்டும் கூட்டினால் புகார்கள் நியாயமாகவே பெருகும். ஆனால் பழைய தெருவில் குழாயை மாற்றுவது, இருபது கிலோமீட்டர் தள்ளிப் புதுக் குழாய் இழுப்பதைவிடச் சுருக்கமான வேலை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

வேறு ஊர்களில் என்ன நடந்தது? நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட ஒரே வீச்சில் அனுமதித்தது. அதன்பின் கட்டட அனுமதிகள் வேகமாகக் கூடின. பெரும்பாலானவை ஒட்டுவீடுகள், சின்ன அடுக்ககங்கள். திட்டம் இல்லாதிருந்தால் வாடகை எவ்வளவு ஏறியிருக்குமோ அதைவிடக் குறைவாகவே ஏறியது என்று ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அனுமதித்ததில் ஒரு நன்மை உண்டு. எந்த ஒரு மனைக்காரருக்கும் தனியாக மவுசு கூடவில்லை.

டெக்சாஸின் ஹூஸ்டன் இன்னும் சுவாரஸ்யமானது. நகரின் உள்வட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,000 சதுர அடி மனையாவது வேண்டும் என்றிருந்த விதியை 1998-இல் தளர்த்தி, 1,400 சதுர அடி போதும் என்றார்கள். நம் கணக்கில் அரைக் கிரவுண்டைவிடக் கொஞ்சம் கூட. பழைய ஒற்றை வீடு இருந்த மனையில் மூன்று, நான்கு குறுகிய மாடி வீடுகள் எழுந்தன. 2013-இல் அந்த விதி மாநகரம் முழுக்கவும் வந்தது. அதே ஹூஸ்டன் வெளியேயும் தடையில்லாமல் பரவியது. இரண்டு கதவையும் திறந்துவைத்ததால், அமெரிக்காவின் மற்ற பெருநகரங்களோடு ஒப்பிட்டால் அங்கே வீட்டு விலை குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. பரவலை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் 2017-இல் ஹார்வி புயலின்போது, வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் தண்ணீர் நிற்க வேண்டிய பரப்பிலேயே கட்டியிருந்த ஆயிரக்கணக்கான புறநகர் வீடுகள் மூழ்கின. முடிச்சூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் நிலைப்பாடு இதுதான்: சென்னை வெளியே போவதை முழுக்க நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் பொதுப் பணம் ஏற்கெனவே கொட்டிய இடங்களை விட்டுவிட்டு வெளியே ஓடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-லேயே முழுதாக ஓடத் தொடங்கிவிட்டது. கோட்டூர்புரம், இந்திரா நகர் போன்ற நிலையங்களுக்குள் போனால் பிரமாண்டமான கான்கிரீட் தளங்கள் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த நிலையங்களின் மேலும் சுற்றிலும் ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் வந்திருக்கலாம். மறுபக்கம், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் இறங்கி ஏற ஒரு ரயில் நிலையம் இல்லை. இப்போது ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டம் நடக்கிறது. அந்த நிலையங்களைச் சுற்றி யாருக்கு, எவ்வளவு பெரிய வீடு வரப்போகிறது என்பதை இப்போதே தீர்மானிக்காவிட்டால் பறக்கும் ரயில் கதையோ, இல்லை 1,800 சதுர அடி சொகுசு வீடுகளோதான் மிஞ்சும்.

ஏழைகளுக்கான வீட்டுக்குக் குடிசை மாற்று வாரியத்தின் பழைய அடுக்ககங்களே ஊருக்குள் இருக்கும் மிகப் பெரிய வாய்ப்பு. அந்த நிலம் ஏற்கெனவே பொது நிலம், விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அவற்றின் நிலைமை அவசரமானதும்கூட. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட தொகுதி அப்படியே சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய தொகுதிகளை இடித்துக் கட்டும்போது பழைய குடும்பங்களுக்கு அங்கேயே வீடு கொடுத்துவிட்டு, மேலே வரும் கூடுதல் வீடுகளில் ஆற்றங்கரைக் குடும்பங்களைக் குடியமர்த்தினால் பெரும்பாக்கத்துக்கு லாரி போக வேண்டிய தேவை குறையும்.

தனியார் அடுக்ககங்களுக்கு 2022-இன் அடுக்குமாடி உரிமைச் சட்டம் ஒரு முடிச்சை அவிழ்த்திருக்கிறது. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் மறுகட்டுமானம் என்ற நிலை போய், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்றாகியிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வீடு பதினான்காகும் சிக்கலை அது தீர்க்காது. கூடுதல் தளப்பரப்பில் ஒரு பகுதியையாவது சிறு வீடுகளாகக் கட்ட வேண்டும் என்று விதியில் எழுதினால்தான் அது தீரும்.

2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) சிஎம்டிஏ தயாரித்துவருகிறது. வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதித் தரச் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் தெருவுக்கு என்ன குறியீடு, உங்கள் ரயில் நிலையத்தைச் சுற்றிச் சிறு வீடுகளுக்கு என்ன விதி, எந்தெந்த ஏரியையும் சதுப்பையும் வீடு கட்டும் நிலமாக மாற்றியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள்.